பட்டன் திறக்காத சட்டை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அப்பா மாத்திரை போட்டாரா, அவிநாசியில் மழை பெய்ததா என்று வழக்கமாகக் கேட்பதையெல்லாம் கேட்டுவிட்டு, போனை வைக்கப் போகிற நேரத்தில் ஏதோ நினைவு வந்தவன் மாதிரி ஆரம்பித்தாய். "அம்மா, நான் ஒன்னாவது படிக்கையில ஒரு சட்டை தெச்சுக் குடுப்பீங்களே, தலை வழியா மாட்டிக்கற மாதிரி. அதே மாதிரி கவினுக்கு யூனிஃபார்ம் சட்டை ரெண்டு வேணுங்கம்மா." எதுக்குக் கண்ணு என்றேன். "காலையில வேன் வர்ற அவசரத்துல பட்டன் போட நேரமாகுதுங்க. எனக்கு மாதிரி அவனுக்கும் வளந்தாத் தானா வந்துரும்" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முக்கியமானதைக் கடைசியில் கேட்பதும், கேட்டுவிட்டுச் சிரிப்பதும் எதையோ மறைக்கிறவர்கள் செய்கிற காரியம். எனக்குத் தெரியும், நானே அப்படிச் செய்திருக்கிறேன்.

சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மறுநாள் நித்யாவைக் கூப்பிட்டு, கவின் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஏதாவது சொன்னாங்களா கண்ணு என்று கேட்டேன். கேட்டு முடிக்கும் முன்னாலேயே "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க அத்தை" என்றாள். ஒன்றுமில்லாதவர்கள் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் வீடியோவில் பிள்ளையைப் பார்த்தேன். வழக்கம்போலக் கழுத்து வட்டமான டீசர்ட். வாசலில் கிடந்த ஷூவில் கயிறு இல்லை, ஒட்டுகிற பட்டை. அப்பாயிக்கு ஒரு வீடு வரைந்து காட்டு சாமி என்றேன். பென்சிலை உளி பிடிக்கிற மாதிரி மொத்தக் கையிலும் பிடித்தான். பிறகு என்னைப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்தான். "அப்பறம் வரையறேனுங்க அப்பாயி" என்றான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. முப்பது வயதுக்கு மேல் ஆன உனக்கு அது மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது.

நீ கேட்ட சட்டைக்குத் துணி வெட்டிவிட்டேன். வெட்டிய துணி மெஷின் மேல் கிடக்கிறது, நீ கேட்ட மாதிரி தைக்க மட்டும் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நானும் பேச்சை மாற்றிவிடுவேன். நித்யாவும் இதைப் படிக்கட்டும். ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே போகலாமா எழுந்து போய்விடலாமா என்று யோசிக்கிற வேறு யாருக்காவது நீ காட்டினாலும் எனக்கு இனி வெட்கமில்லை.

இருபத்திரண்டு வருஷம் நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற ஒவ்வொரு டீசர்ட்டையும் மேசையில் விரித்து, முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் தையலைப் பார்க்க வேண்டும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகத் தூக்கிப் போட வேண்டும். குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தக் கண்ணைக் கம்பெனி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? கல்யாண வீட்டில் பொண்ணின் முகத்துக்கு முன்னால் ஜாக்கெட் மடிப்புதான் எனக்குத் தெரியும். "சாமி செலையக் காட்டுனாலும் இவ பின்னால திருப்பிப் பாத்துட்டுத்தான் கும்புடுவா" என்று உன் அப்பா சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அப்படிப்பட்டவள் ஒரு குற்றத்தைத் தன் கையாலேயே தைத்தாள், அதை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடியும் தைத்தாள்.

நீ பள்ளிக்கூடம் போகும் வரை நம் வீட்டில் பட்டன் என்ற ஒன்றையே நீ பார்த்ததில்லை. கம்பெனியில் ஒதுக்கின டீசர்ட்தான் வீட்டில் எல்லோருக்கும் உடுப்பு. தலையை நுழைத்தால் முடிந்தது. ஒன்றாம் வகுப்பில் வெள்ளைச் சட்டை வந்தது, ஆறு பட்டன். ஐந்து வயதில் மற்ற பிள்ளைகள் செய்வதை ஆறு வயதில் உன்னால் செய்ய முடியவில்லை. நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு, மூக்கில் வியர்க்க வியர்க்க, ஒரு பட்டனோடு போராடுவாய். விரல் ஒரு பக்கம் போகும், துணி ஒரு பக்கம் போகும். வாசலில் வேன்காரன் ஹாரன் அடிப்பான். நான் வந்து ஆறையும் பட்பட்டென்று போட்டு அனுப்பிவிடுவேன். ஒருநாள் விளையாட்டு வகுப்பு முடிந்ததும் சட்டையைத் திரும்பப் போடத் தெரியாமல், மாலை வரை திறந்த சட்டையோடே உட்கார்ந்திருந்து வீட்டுக்கு வந்தாய். பசங்க பாப்பா பாப்பா என்று சிரித்தார்களாம். அன்றைக்கு நான் அழுதேன். அழுதுவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன்.

பட்டன் பட்டியை மேலிருந்து கீழ்வரை சேர்த்துத் தைத்து மூடினேன். மேலே ஆறு பட்டன், ஒவ்வொன்றுக்கும் கீழே நூலால் பொய்க் காஜா. உண்மையில் துளை கிடையாது. தலை நுழைய வேண்டும் என்பதற்காகக் காலருக்கு அடியில் தெரியாமல் எலாஸ்டிக் கொடுத்தேன். பார்க்கிறவனுக்கு அது சாதாரணச் சட்டை. உனக்கு அது பனியன். சரக்கு வாங்க வருகிற எந்த ஊர் பையர் வந்து பார்த்திருந்தாலும் பாஸ் போட்டிருப்பான். மறுநாள் காலையில் நீயே மாட்டிக்கொண்டு ஓடினாய், நான் வாசலில் பெருமையாக நின்றேன். நீ கல்யாணத்தில் நித்யா வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னாயே, அந்தச் சட்டை இதுதான். அதை நீ பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் பாதிக்கு மேல் பயம். உன் அத்தைக்குத் தெரிந்துவிடுமோ, வேனில் வருகிற பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தெரிந்துவிடுமோ, பிள்ளைக்கு ஏதோ குறை என்று ஊரே பேசுமோ என்கிற பயம்.

உன் கோணல் எழுத்தை மட்டும் என்னால் தைத்து மூட முடியவில்லை. உன் வகுப்பு டீச்சர் நோட்டைக் காட்டி, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். முதலில் அந்த டீச்சரையே சந்தேகப்பட்டேன். தனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாததை ஆஸ்பத்திரி தலையில் கட்டுகிறாள் என்று நினைத்தேன். போன இடத்தில் கதவுக்கு மேல் 'தொழில்வழி சிகிச்சை' என்று பலகை. என் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று இவர்களே முடிவு செய்து, மெழுகுவத்தி செய்யவோ கவர் ஒட்டவோ பழக்கப் போகிறார்களோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது, விளையாடுவது இதெல்லாம்தான் ஒரு பிள்ளையின் தொழில் என்று அங்கே விளக்கிச் சொன்னார்கள். நான் நம்பவில்லை. சொந்தக்காரர்களிடம் கண் டாக்டரிடம் போகிறோம் என்று சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன்.

அந்த அறையில் இருந்தது என்ன தெரியுமா? விட்டத்தில் கட்டிய ஊஞ்சல், ஆளுயரப் பந்து, களிமண், துணி காயப்போடுகிற கிளிப், ஒரு தொட்டி நிறைய அரிசி. அரிசிக்குள் மணிகளைப் புதைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேடி எடுக்கச் சொன்னார்கள். சிகிச்சை என்றால் ஊசி இருக்கும், மருந்து இருக்கும், பிள்ளையை விளையாட விடுவதற்கா இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று எனக்கு ஆத்திரம். உனக்குச் சிகிச்சை கொடுத்தவள் ரெஜினா என்ற பொண்ணு, திருநெல்வேலிப் பக்கம். வயதும் அதிகமில்லை. இரண்டு வாரம் என்னை உள்ளே இருக்க விட்டாள். மூன்றாம் வாரம், "நீங்க வெளிய இருங்கம்மா. நீங்க இருந்தா அவன் ஒவ்வொன்னுக்கும் ஒங்க மொகத்தத்தான் பாக்கான்" என்றாள். என்னை வெளியே தள்ளுகிறாள் என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்றுதானே நினைப்பேன்?

கதவில் கண்ணாடி, அதன் மேல் வெளியே தெரியாமல் தாள் ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் தாள் கிழிந்திருந்தது. அடுத்த புதன்கிழமையிலிருந்து என் கண் அந்த மூலையில்தான். நீ ஒரு டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் திணறுவாய். அவள் எதிரே சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் அவளைத் திட்டிக்கொண்டே காலை மாற்றி மாற்றி நின்றிருப்பேன். இடையிடையே நோட்டில் ஏதோ எழுதுவாள். என்ன எழுதுகிறாள், யாரிடம் கொடுக்கப் போகிறாள், என் பிள்ளையை வைத்துப் பரீட்சைக்கு ஏதாவது படிக்கிறாளா? திரும்பும்போது பஸ்ஸில் உன்னைக் குடைவேன். "ரெஜினா டீச்சர் என்ன கேட்டாங்க? அம்மாவப் பத்திக் கேட்டாங்களா? நீ என்ன சொன்ன?" நீ என் முகத்தைப் பார்த்து, எனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்வாய். ஆறு வயதுப் பிள்ளையை நான் ஒற்றன் ஆக்கினேன், கண்ணு. அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

பட்டன் தைத்த இரண்டு துணித் துண்டுகளைக் கொடுத்து, வீட்டில் தினமும் பழக்குங்கள், பழக்கிய நாளைக் குறித்து வாருங்கள் என்றாள். நான் பழக்கவில்லை. கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்தால் எனக்கே கையைத் தூக்க முடியாது. ஆனால் குறிப்பில் எல்லா நாளுக்கும் டிக் போட்டுக் கொண்டுபோவேன். அவளுக்கு விளங்கவில்லை. "இவ்வளவு பழக்கியும் விரலு இன்னும் அசையலியே. வீட்டுல சட்டைய அவனேதான் போடுதானா?" என்று கேட்டாள். "ஆமாங்க, அவனேதான் போட்டுக்குவானுங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கூட்டிப்போக வேண்டி வந்தது. யூனிஃபார்ம் மாற்ற நேரமில்லை. எனக்குப் பஸ்ஸிலேயே மனது சரியில்லை. நான் கிழிந்த மூலையில் நின்று பார்க்கிறேன். "சட்டைப் பட்டனக் கழட்டு, பாப்போம்" என்றாள். உனக்கோ ஒரே உற்சாகம். கீழ் மடிப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் தலை வழியாக உருவி, "கழட்டிட்டேன் டீச்சர்!" என்று கையில் தூக்கிக் காட்டினாய். அவள் வாங்கினாள். உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். கம்பெனியில் நான் எப்படித் திருப்புவேனோ அதே மாதிரி. மூடிய பட்டியின் மேல் நகத்தை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பாமலே, "உள்ள வாங்கம்மா. அங்கன நின்னு இன்னும் எத்தன நாளைக்குப் பாப்பீய?" என்றாள். அத்தனை வாரமும் என் கண் உள்ளேயிருந்து தெரிந்திருக்கிறது.

"இத யாரு தச்சா?" என்று கேட்டாள். "கடையில வாங்குனதுங்க" என்றேன். நீ உடனே இடையில் புகுந்தாய். "இல்லீங்க டீச்சர், எங்கம்மா தெச்சது. எனக்குப் பட்டன் போட வராதுன்னு யாருக்கும் தெரியக்கூடாதுல்லீங்க, அதுக்குத் தெச்சது." கண்ணு, யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாளும் இல்லை. நான் வாய் திறக்காமலே நீ அதைப் படித்துவிட்டாய். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை அம்மாவின் வெட்கத்தை மட்டும் தப்பில்லாமல் படித்திருக்கிறது. ரெஜினா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் சட்டையை மடித்து என் கையில் கொடுத்து, "தையல் அருமையா இருக்கு. ஆனா இவன் கைக்கு ஒரு வேலையும் இல்லாமப் பண்ணிட்டீயளே" என்றாள். அவ்வளவுதான். அதற்கே எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

மறுபடி ஏன் போனேன் என்பதுதான் இந்தக் கடிதத்தில் நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. மூன்றாம் வாரம் ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நீ நோட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து மடியில் வைத்தாய். "அம்மா, இதையும் நீங்களே எழுதிருங்க. நான் எழுதுன மாதிரியே கோணலா எழுதுங்க. யாருக்கும் தெரியாது" என்றாய். முகத்தில் கள்ளம் இல்லை. சட்டைக்குச் செய்ததை நோட்டுக்கும் செய்யச் சொன்னாய், அவ்வளவுதான். அன்றைக்கு டிபன் பாக்ஸைப் பார்த்தேன், மூடி திறக்கவே இல்லை. யாரும் திறந்து தரவில்லை என்று சாப்பிடாமலே வந்திருக்கிறாய், கேட்டால் பசிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறாய். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டேனே, என்னைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த புதன்கிழமை அந்த அறை வாசலில் போய் நின்றேன். அவள் பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வாங்க, ஊசி நூலு கொண்டாந்திருக்கீயளா?" என்றுதான் கேட்டாள்.

அவள் சொல்லச் சொல்ல அந்தச் சட்டைகளை நானே பிரித்தேன். கோட்டுக்கு வைக்கிற பெரிய பட்டன் வைத்து, காஜாவைத் தளர்வாக வெட்டினேன். "முக்காவாசி நீங்க தள்ளுங்க, கடைசி இழுப்ப அவன் இழுக்கட்டும்" என்றாள். கடைசி இழுப்பை நீ இழுத்ததால் பட்டனைப் போட்டவன் நீதான். பிறகு பாதி, பிறகு கால். அடிப் பட்டனில் ஆரம்பித்து மேலே ஏறினோம். ஊஞ்சலும் அரிசித் தொட்டியும் உன் தோளுக்கும் விரலுக்கும் என்ன செய்தன என்று கேட்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் நாளே கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். பல நாள் காலையில் வேன் போய்விட்டது, உன் அப்பா திட்டிக்கொண்டே வண்டியில் கொண்டுபோய் விட்டார். கார்த்திகையில் ஆரம்பித்தது. முழுப் பரீட்சை சமயத்தில் ஒருநாள் ஆறு பட்டனையும் நீயே போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றாய். ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தாய், காலர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருந்தது. என் கை துறுதுறுவென்றது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்படியே போனாய். என் வேலையில் நான் தெரிந்தே பாஸ் செய்த கோணல் அது ஒன்றுதான்.

அதன் பிறகும் ரொம்ப நாள் போனோம், எழுத்து சரியாகும் வரை. ஆனால் கண் டாக்டர் என்ற பொய்யை மட்டும் நான் பிரிக்கவே இல்லை. கல்லூரி போகும் வயதில் ஒருமுறை கேட்டாய், "ஏம்மா, கண் டாக்டர்கிட்ட ஊஞ்சல் இருந்துச்சேம்மா?" ஆமா கண்ணு, பிள்ளைங்க அழாம இருக்கோணும்ல என்றேன். அதனால்தான் இன்றைக்கு நீ வளந்தாத் தானா வந்துரும் என்கிறாய். தானாக வரவில்லை. ஒரு பொண்ணு எதிரே உட்கார்ந்து, உனக்கு உதவாமல் பொறுத்துக்கொண்டு வரவழைத்தாள். நான் அதை மறைத்ததால் உன் கையில் மிச்சமிருப்பது பொய்ச் சட்டை ஒன்றுதான், அதையே உன் பிள்ளைக்கும் கேட்கிறாய். பள்ளிக்கூடத்திலிருந்து உங்களுக்கு ஏதோ சீட்டு வந்திருக்கிறது. இல்லை என்று சொல்லாதே, நான் நம்ப மாட்டேன்.

கவினைக் கூட்டிக்கொண்டு போ. சந்தேகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கொண்டு போ, ஆனால் அதை வாயால் கேள். இது எதற்கு, அது எதற்கு, என்னை ஏன் வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேள். பதில் சொல்லாத இடம் என்றால் வேறு இடம் பார். பிள்ளையிடம் மட்டும் எதையும் குடையாதே, கண் டாக்டர் என்றும் சொல்லாதே.

வெட்டி வைத்த அதே துணியில் பார்சலில் இரண்டு சட்டை வரும். நிஜப் பட்டன், பெரியது, காஜா தளர்வாக வைக்கிறேன். தைக்க நேரமாகிறது, இப்போதெல்லாம் ஜாக்கெட் கொக்கி மாட்டவே என் விரல் பாடாய்ப் படுத்துகிறது. ஒவ்வொரு கொக்கியாய்ப் போட்டு முடிக்கும்போது உன் நாக்குத் துருத்தல் ஞாபகம் வருகிறது. அடியில் மூன்றாவதாக ஒரு பழைய சட்டை இருக்கும். எல்லாவற்றையும் பிரித்தேன் என்று அவளிடம் சொன்னேன், ஒன்றைப் பிரிக்காமல் பீரோவில் ஒளித்து வைத்திருந்தேன். அதைத் திருப்பிப் போட்டு நீயும் நித்யாவும் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அதையும் எடுத்துப்போய் அங்கிருப்பவர்களிடம் காட்டு. எங்கம்மா தெச்சது, யாருக்கும் தெரியக்கூடாதுன்னு தெச்சது என்று, அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொல்.

பிறகு கவின் தானே பட்டன் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிற முதல் நாள் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. கோணலாகத்தான் இருக்கும். சரிசெய்துவிட்டு எடுக்காதே. செய்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா